இரண்டு மொழிகள் கேட்டு வளரும் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகுமா?

கேள்வி (கோத்தகிரியிலிருந்து):
மதுரைப் பக்கத்திலிருந்து கோத்தகிரிக்கு மருமகளாக வந்தவள் நான். 20 மாதம் நிரம்பிய என் மகன் என்னிடம் தமிழும், பாட்டியிடமும் ஹட்டியில் (படுகர் ஊரில்) உள்ள உறவினர்களிடமும் படுகர்களின் மொழியான படுகும் கேட்டு வளர்கிறான். தமிழில் எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு சொற்கள்தான் தேறுகின்றன. படுகு பேசுவதை நிறுத்திவிட்டு, கைபேசியில் தமிழ்ப் பாட்டுகளைப் போட்டுக் காட்டச் சொல்கிறார் என் அக்கா. இது காதில் விழுந்த நாளிலிருந்து என் மாமியார் பேரனிடம் பேசவே தயங்குகிறார். நேற்று அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி ஒரு சொல்லும் பேசாமல் நின்றிருந்தார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1 (குன்னூர், பேச்சுப் பயிற்சியாளர்):
முதலில் உங்கள் மாமியாரைப் பேசச் சொல்லுங்கள். இருமொழிக் குழந்தையின் சொற்களை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் கணக்கு தப்பாகிவிடும். அவன் 'பால்' என்பதையும் 'ஹாலு' என்பதையும் தனித்தனியாக எண்ணிக் கூட்டுங்கள். இரண்டு வயதுக்குள் இரண்டு மொழியிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 50 சொற்களும், 'அம்மா வா' போன்ற இரு சொல் தொடர்களும் வந்துவிட வேண்டும் என்பதே நாங்கள் வைத்திருக்கும் பொதுவான அளவு.

இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பிவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் இந்தியின் 'த', 'ட' ஒலிகளைக் கொடுத்துச் சோதித்த ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும், ஆறு முதல் எட்டு மாதத்தில் அவ்வேறுபாட்டை உணர்ந்தவர்களில் பெரும்பாலோர் முதல் பிறந்தநாளை நெருங்கும்போது அதை இழந்துவிடுவதை 1984இல் காட்டினார்கள். நமக்கு 'பத்து' வேறு, 'பட்டு' வேறு என்பது விளங்குவதற்கு நம் காது அந்த வயதிலிருந்தே அவற்றைக் கேட்டுப் பழகியதுதான் காரணம். காதில் விழும் மொழிக்கு ஏற்பத்தான் குழந்தையின் செவி கூர்மையாகிறது. வீட்டில் இரண்டு மொழி ஒலித்தால் இரண்டுக்கும் பழகிக்கொள்ளும்.

கைபேசி யோசனையை நான் ஏற்கமாட்டேன். பட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் எதிரில் அமர்ந்து விளையாடியவரிடமிருந்து சீன மொழியின் ஒலிகளைக் கற்றுக்கொண்டார்கள்; அதே ஆள் அதே பேச்சைத் திரையில் பேசியபோது ஒன்றும் கற்கவில்லை. முகம் பார்த்து, பதிலுக்குக் காத்திருந்து பேசும் பாட்டிக்கு எந்தப் பாட்டும் ஈடாகாது.

ஆனால் ஒன்றைத் தள்ளிப்போட வேண்டாம்: அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையக்கூடும் என்பதால், செவித்திறன் பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். அதில் குறை தெரிந்தாலும் அதற்குப் படுகு காரணமாகாது.

பதில் 2 (கூடலூர்):
எங்கள் வீட்டில் தமிழும் மலையாளமும். மூத்தவள் மூன்று வயதில் 'நானுக்கு வேணும்' என்பாள். வீட்டில் பெரியவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. 'அவனுக்கு', 'பாப்பாவுக்கு' என்று கேட்டதிலிருந்து விதியைத் தானே கண்டுபிடித்து, 'எனக்கு' என்ற விதிவிலக்கைப் பிறகு சரிசெய்துகொண்டாள். நாங்கள் திருத்தியதே இல்லை. ('மரம்' என்பதை அவள் 'மலம்' என்று சொல்லி விருந்தினர்களைத் திகைக்க வைத்தது தனிக்கதை.) மலையாளம் பேசும் அத்தையிடம் அவள் ஒருபோதும் தமிழில் சோறு கேட்டதில்லை, யாரிடம் எந்த மொழி என்பதும் சேர்ந்தே வந்துவிட்டது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று இரவு மாமியாரும் நானும் அடுப்படியில் உட்கார்ந்து எண்ணினோம். எனக்குத் தெரியாமல் படுகில் 19 சொற்கள் இருந்தன. ஆக மொத்தம் 31. 'நீரு' என்று பாட்டியிடம் கேட்பவன் என்னிடம் 'தண்ணி' என்பதை நான் இதுவரை கவனித்ததே இல்லை. செவிப் பரிசோதனைக்கு வியாழக்கிழமை ஊட்டிக்குப் போகிறோம்.