கடலோர வீட்டைத் திரும்பக் கட்ட அனுமதி இல்லை, தெருவுக்குக் குப்பை வண்டியும் இல்லை: வழி சொல்லுங்கள்

அடம்பங்கொடி:

அனைவருக்கும் வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு பேரூராட்சியில் எங்கள் வீடு இருக்கிறது. தாத்தா கட்டிய ஓட்டு வீடு. உப்புக் காற்றில் உத்தரக் கட்டைகள் இற்றுப்போய்விட்டன. போன ஐப்பசி மழையில் சமையலறைச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. அன்றிலிருந்து அம்மா திண்ணையில்தான் சமைக்கிறார். காற்று திரும்பினால் அடுப்பில் மணல் விழுகிறது.

இடித்துவிட்டுத் தளம் போட்ட வீடாகக் கட்ட விண்ணப்பித்தோம். "கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருவதால் பரிசீலிக்க இயலாது" என்று ஒரே வரி எழுதி வீட்டு வரைபடத்தைத் திருப்பிவிட்டார்கள். நான் நாடாவை வைத்து அளந்து பார்த்தேன். ஈர மணலிலிருந்து எங்கள் வாசல் 140 மீட்டர். எங்களுக்கு வடக்கே, எங்களைவிடக் கடலுக்கு நெருக்கமாக ஒரு விடுதி போன ஆண்டுதான் எழும்பியது. அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

இரண்டாவது, குப்பை. பேட்டரி வண்டி மாரியம்மன் கோயில் முனையோடு திரும்பிவிடுகிறது. எங்கள் தெருவில் 43 வீடுகள். அலுவலகத்தில் கேட்டால், "அந்தத் தெருவே அனுமதி இல்லாத இடம், முதலில் வீட்டுக்கு அனுமதி வாங்குங்கள், பிறகு வண்டி வரும்" என்கிறார்கள். வேறு வழியின்றி எல்லோரும் உப்பங்கழியோரம் கொட்டுகிறார்கள், நாங்களும்தான். கடைத்தெருக் குப்பையும் அங்கேதான் வந்து சேர்கிறது. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

என்ன செய்வது? யாரைப் பார்ப்பது?

பழைய சங்கிலி:

அம்மா, நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஈர மணலிலிருந்து அளந்த கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். கடலோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் பார்ப்பது உயர் அலைக் கோட்டை. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் நீர் ஏறும் உச்சத்தை வைத்துக் குறித்த கோடு அது. நீங்கள் காலையில் பார்க்கும் அலையின் விளிம்பு வேறு. கோடு எப்போதும் ஈர மணலைவிட ஊர்ப்பக்கமாகத்தான் இருக்கும். ஆகவே உங்கள் 140 இன்னும் குறையும்.

அனுமதிக்கான கடலோர வரைபடம் 1:4000 அளவில் இருக்கும். அதில் அரை மில்லிமீட்டர் பென்சில் கோடு தரையில் 2 மீட்டர். அதனால் கண்ணால் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. உங்கள் சர்வே எண்ணை அந்த வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும்.

மூன்று விவரம் தாருங்கள். உங்கள் பகுதி கடலோர வரைபடத்தில் இரண்டாம் மண்டலமா (கட்டி நிறைந்த நகர்ப் பகுதி), மூன்றாம் மண்டலமா (அதில் சேராத, கிராமப்புறம் போன்ற பகுதி)? பழைய வீட்டின் அடித்தளப் பரப்பு எவ்வளவு, புது வரைபடத்தில் எவ்வளவு? பழைய வீட்டுவரி ரசீதுகள் கைவசம் உள்ளனவா?

கரைவலை:

இவ்வளவு அலைச்சல் எதற்குச் சகோதரி? 2024 முதல் சுயசான்று முறை இருக்கிறதே. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு என்றால் இணையத்திலேயே பதிந்து கட்டணம் கட்டி அனுமதி எடுக்கலாம். எடுத்துவிட்டுக் கட்டுங்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

மேசைக்கு அந்தப்பக்கம்:

கரைவலை, தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். நான் பேரூராட்சிகளில் 22 ஆண்டுகள் பணியாற்றியவன். கட்டட விதிகள் மாநிலத்தினுடையவை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையோ 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வெளியிட்டது. முதலில் 1991, அடுத்து 2011, பிறகு 2019. மாநில முறையில் எடுத்த ஒரு தாள் அதை மீற முடியாது.

கொச்சியை ஒட்டிய மரடு நினைவிருக்கிறதா? அங்கே உள்ளாட்சி கொடுத்த கட்டட அனுமதி இருந்தது. கடலோர மண்டல ஆணையத்தின் ஒப்புதல் இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கியவர்கள் எட்ட நின்று பார்த்தார்கள். பக்கத்து விடுதியைப் பார்த்து மனம் நோகாதீர்கள். அது எந்த அனுமதியில் நிற்கிறது என்பது இப்போது நமக்குத் தெரியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் உங்கள் வீட்டுக் கோப்பை அந்த விடுதியோடு முடிச்சுப் போடாதீர்கள். அது தனி வழக்காகவே போகட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "பரிசீலிக்க இயலாது" என்பது பதிலே இல்லை. மண்டலத்தில் வருகிறது என்பதாலேயே அனுமதி கிடையாது என்று அறிவிக்கை சொல்லவில்லை. எந்தப் பிரிவு, எந்தக் காரணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

அடம்பங்கொடி:

ஐயா இருவருக்கும் நன்றி. அலுவலகத்தில் கடலோர வரைபடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் மண்டலம் என்றுதான் போட்டிருக்கிறது. பேரூராட்சி நகர்ப்புறம்தானே, எப்படி மூன்றாம் மண்டலம் ஆகும்?

பழைய வீடு 540 சதுர அடி. புது வரைபடத்தில் தரைத்தளம் 760, மேலே ஒரு மாடி. தம்பிக்குத் திருமணம் ஆகப்போகிறது, அதனால்தான். பின்பக்கம் ஆழ்துளைக் கிணறு. ரசீதுகள் அப்பாவின் தகரப் பெட்டியில் இருக்கின்றன.

பழைய சங்கிலி:

கோளாறு இங்கேதான் இருக்கிறது அம்மா.

பேரூராட்சி என்பதால் மட்டும் இரண்டாம் மண்டலம் ஆகிவிடாது. சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளோடு பெருமளவு கட்டி நிறைந்த நகர்ப் பகுதியைத்தான் அப்படி வகைப்படுத்துவார்கள். மூன்றாம் மண்டலத்தில், 2011 அறிவிக்கைப்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் தடை செய்யப்பட்ட பகுதி. ஆனால் முன்பே முறையாக இருந்த கட்டடத்தைப் பழுது பார்க்கவும் திரும்பக் கட்டவும் அந்தத் தடைப் பகுதிக்குள்ளேயே இடம் உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: இருந்த அடித்தளப் பரப்பு, இருந்த தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்புக்கு மொத்தத் தளப்பரப்பு எத்தனை மடங்கு என்ற கணக்கு), இருந்த அடர்த்தி மூன்றையும் தாண்டக் கூடாது. உங்கள் பொறியாளர் 540ஐ 760 ஆக்கி மாடியும் ஏற்றியவுடன் அது திரும்பக் கட்டுவது இல்லை, புதுக் கட்டடம்.

ஆழ்துளைக் கிணற்றையும் எடுத்துவிடுங்கள். 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கத் தடை உண்டு. உள்ளூர் மக்கள் தங்கள் சொந்தத் தேவைக்கு எடுக்க மட்டும் விலக்கு இருக்கிறது. உங்களுக்குக் கையால் இறைக்கும் சாதாரணக் கிணறே போதும். குழாயை இறக்கி உறிஞ்சினால் உப்புநீர் உள்ளே ஏறி உங்கள் தெருவில் உள்ள 43 வீட்டுக் கிணறுகளும் கெடலாம். அந்த விதி உங்களைக் காக்கத்தான் இருக்கிறது.

நெய்தல்வாசி:

2019 அறிவிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதி மூன்றாம் மண்டலத்தில் "அ" பிரிவு. அங்கே தடைப் பகுதி 50 மீட்டர்தான். அதற்குக் குறைந்தால் பழையபடி 200. சொந்தக் குடியிருப்பு 300 சதுர மீட்டருக்குள் என்றால் உள்ளாட்சியே அறிவிக்கையை வைத்துப் பார்த்து அனுமதி தரலாம், மேலே அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிவிக்கையின்படி தயாரித்த வரைபடம் ஒப்புதல் பெற்ற இடத்தில்தான் இவை செல்லும். ஆகவே உங்கள் அலுவலகம் எந்த வரைபடத்தை வைத்துப் பார்த்தது என்று கட்டாயம் எழுதி வாங்குங்கள். தம்பியின் மாடி ஆசை அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

இன்னொன்று, கேட்கவே தயக்கமாக இருக்கிறது தங்கையே. சுனாமிக்குப் பிறகு உங்கள் குடும்பம் அரசுக் குடியிருப்பில் வீடு வாங்கியதா? 2005 மார்ச் மாத அரசாணை 172இன்படி, 200 மீட்டருக்குள் சேதமடைந்த வீட்டுக்காரர்கள் அதற்கு அப்பால் ஒன்றரை லட்சம் மதிப்பில் புது வீடு பெறலாம் என்றார்கள். போனவர்கள் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். போக விரும்பாதவர்கள் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம், உதவி கிடைக்காது. ஒப்படைத்திருந்தால் பட்டாவே உங்கள் பெயரில் நிற்காது.

அடம்பங்கொடி:

இதை அப்பாவிடம் கேட்டபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "படகையும் வலையையும் கண்ணில் பார்த்துக்கொண்டே தூங்க வேண்டும் என்று நான்தான் போகவில்லை. ஓடு மாற்றக் கடன் வாங்கினேன்." ஒப்படைக்கவில்லை. பட்டா அவர் பெயரில்தான் இருக்கிறது.

தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். 1983ஆம் ஆண்டு வீட்டுவரி ரசீது ஒன்று, தாத்தா பெயரில். மடிப்பில் கிழிந்திருக்கிறது. கதவு எண்ணும் முத்திரையும் தெளிவாகத் தெரிகின்றன.

மேசைக்கு அந்தப்பக்கம்:

அந்த ரசீதை இன்றே நகலெடுத்துச் சான்றொப்பம் வாங்குங்கள். முதல் அறிவிக்கை 1991 பிப்ரவரி 19. அதற்கு முன்பே வீடு வரி விதிப்பில் இருந்தது என்று இது சொல்லும். அலுவலக வரிவிதிப்புப் பதிவேட்டில் அந்த ஆண்டுப் பக்கத்தின் நகலும் சேர்ந்தால் கை வலுக்கும். வரைபடத்தை 540க்குள் சுருக்கிப் புதிதாகக் கொடுங்கள். மேலே அனுப்ப வேண்டும் என்று சொன்னால், மாவட்ட ஆட்சியர் தலைமையில் கடலோர மண்டலக் குழு இருக்கிறது. மீனவர் உள்ளிட்ட கடலோர மரபுச் சமூகத்தினர் குறைந்தது மூன்று பேர் அதில் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவரையாவது முன்கூட்டிப் பாருங்கள்.

குப்பை விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பதிலைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. குப்பை எடுப்பது அனுமதி பெற்ற வீட்டுக்குத் தரும் பரிசு இல்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே எல்லா வீடுகளிலும் வீடுவீடாகச் சேகரிக்கச் சொல்லியிருந்தன. குடிசைப் பகுதிகளையும் முறைசாராக் குடியிருப்புகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தன. 1983 முதல் வரி வாங்கிய தெருவை எப்படி விடலாம்? இரண்டு மனுக்களையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே தாளில் எழுதினால் ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கிடப்பில் போடுவார்கள்.

தூய்மைப் பணியாளரைக் குறை சொல்லாதீர்கள். மணலில் பேட்டரி வண்டியின் சக்கரம் புதையும் என்பது உண்மை. அகலச் சக்கரத் தள்ளுவண்டி கேளுங்கள். நீங்களும் மக்கும் குப்பை, மக்காத குப்பை, பல்பு, பேட்டரி போன்ற தீங்கான குப்பை எனத் தனித்தனியாகப் பிரித்துத் தர வேண்டும். மீன் செதிலும் குடலும் மறுநாள் வரை நிற்காது, அதற்கு நேரம் குறித்துப் பேசுங்கள்.

நெய்தல்வாசி:

கழியோரக் குவியலை விடாதீர்கள். ஊர்க் குப்பையைக் கொட்டிக் கடலோர மண்டலத்தில் நிலம் நிரப்புவதை அறிவிக்கையே தடை செய்கிறது. உங்கள் வீட்டுக்குக் காட்டிய அதே சட்டம் அந்தக் குவியலுக்கும் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒரு நகல், திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர்க்கும் நாளில் ஒரு நகல். மாசியிலும் பங்குனியிலும் ஆமை முட்டையிட வரும் கரை அது என்றால் அதையும் எழுதுங்கள்.

அடம்பங்கொடி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். 540 சதுர அடி வரைபடத்தை ரசீது நகலோடு கொடுத்து, வரவு எண் போட்ட ஒப்புகை வாங்கிவிட்டேன். இந்த முறை இளநிலை உதவியாளர் உட்காரச் சொன்னார். 2011 அறிவிக்கையின் வரைபடம்தான் தங்களிடம் இருக்கிறது என்று எழுதியும் தந்தார்கள். தம்பி மாடியை மறந்துவிட்டான், ஒரு அறையை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்கிறான்.

குப்பை மனுவில் 43 வீட்டில் 39 வீட்டார் கையெழுத்திட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் தள்ளுவண்டி வருகிறது. வண்டி தள்ளும் அக்கா முதல் நாளே ஒவ்வொரு வாசலிலும் நின்று எந்த வாளியில் எதைப் போட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தார்.

கழியோரக் குவியல் மட்டும் அப்படியே இருக்கிறது. வரும் திங்கட்கிழமை அதற்காக ஆட்சியர் அலுவலகம் போகிறோம். நாளை காலை நீர் வடிந்த நேரத்தில் படம் எடுக்கப் போகிறேன்.

பழைய சங்கிலி:

எடுங்கள் அம்மா. கழிக்கரையில் சர்வே கல் இருந்தால் குப்பையை விலக்கி அதன் எண் தெரியும்படி ஒரு படம் கட்டாயம் எடுங்கள்.