மறு: பவர்லைன் அடாப்டருக்குத் தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தை இன்னோர் அறைக்குக் கொண்டுபோகும் கருவியான பவர்லைன் அடாப்டருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு 'மின்கம்பித் தகவி', 'மின்வழிப் பொருத்தி' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கருவி முரண்டு பிடித்தால் எங்கே தொட்டுப் பார்ப்பது என்று இரண்டுமே சொல்லவில்லை. சென்ற மாதம் என் வீட்டில் பட்ட பாட்டைக் கேட்டால், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரியும்.

எங்களுடையது கும்பகோணத்துப் பழைய தெருவீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று கொல்லைவரை எண்பதடி நீளம். ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர்கள். இணையக் கம்பி ரேழியோடு நின்றுவிடுகிறது. வைஃபை முற்றத்தைத் தாண்டுவதற்குள் களைத்துப்போகிறது. கொல்லைப்பக்க அறையில் படிக்கும் மகளுக்காக ஒரு ஜோடி பவர்லைன் அடாப்டர் வாங்கினேன். ஒன்றை ரவுட்டருக்குப் பக்கத்திலும் மற்றொன்றை அவள் அறையிலும் செருகி, இரண்டின் பொத்தானையும் இரண்டு நிமிடத்துக்குள் அழுத்தினால் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. சுவருக்குள் ஓடும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின்மீதே, ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் அதிர்வெண்களில் தரவும் போகிறது. பெட்டியில் 600 மெகாபிட் என்று போட்டிருந்தது. அது ஏட்டுக்கணக்கு, கொல்லைக்கு 60 வந்தாலே எனக்குப் போதும், வந்தது.

ஒரு வாரம் கழித்துத் தொல்லை தொடங்கியது. மாலை ஆறரைக்கு மேல் இணைப்பு தினமும் அறுந்துபோகும். காலையில் எழுந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். தெரிந்த வைத்தியங்களையெல்லாம் செய்தேன். திடீர் மின்னெழுச்சியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து எடுத்து நேராகச் சுவர் பிளக்கில் செருகினேன். அந்த வடிகட்டி உயர் அதிர்வெண்ணையெல்லாம் குப்பை என்று நினைத்து விழுங்கிவிடும். வேகம் கொஞ்சம் கூடியது. மாலைத் தொல்லை மட்டும் போகவில்லை. மலிவான எல்இடி விளக்கு ஒன்று இரைச்சல் கிளப்புகிறதோ என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். இரண்டு கருவிகளையும் ஒரே பலகையில் அருகருகே செருகியபோது பச்சை விளக்கு எரிந்தது. ஆகவே கருவிகளில் பழுதில்லை, வழியில்தான் ஏதோ கோளாறு.

எலக்ட்ரீஷியனை அழைத்து, "பவர்லைனில் கோளாறு" என்றேன். "லைன்மேனிடம் சொல்லுங்கள் சார்" என்றார். "இல்லையப்பா, அடாப்டர்" என்றேன். "லேப்டாப் சார்ஜரா? அது நம் வேலை இல்லை." கடைசியில் அலுத்துப்போய், "ரேழியில் தண்ணீர் விடுகிறேன், கொல்லையில் மடை வெட்டி எடுக்கிறேன், உங்கள் ஒயர்தான் வாய்க்கால்" என்றேன். அரை நொடி யோசித்தார். "கடைமடைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதானே? அப்படியானால் நடுவில் யாரோ வாய்க்காலைத் திருப்புகிறார்கள்" என்றவர், வந்ததும் நேராக மீட்டர் பலகைக்குப் போனார்.

திருப்பியது என் அம்மா. எங்களுக்கு மும்முனை (த்ரீ ஃபேஸ்) இணைப்பு, அதாவது மின்சாரம் மூன்று தனித்தனிக் கம்பிகளில் வரும். சாயங்காலம் மின்னழுத்தம் குறைந்து காற்றாடி தள்ளாடினால், கொல்லைப்பக்கத்துச் சுழல் சுவிட்சைத் திருகி வேறு முனைக்கு மாற்றுவார்; படுக்கப்போகும்போது பழையபடி வைத்துவிடுவார். இருபது வருடப் பழக்கம், யாரிடமும் சொல்லிக்கொண்டு செய்வதில்லை. முனை மாறியதும் ரேழி ஒரு கம்பியில், கொல்லை இன்னொரு கம்பியில். அடுத்தடுத்து ஓடும் ஒயர்களுக்கிடையே கசிகிற அளவுதான் மறுபக்கம் போய்ச் சேரும். எலக்ட்ரீஷியன் மகள் அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்டை ரேழியின் முனைக்கே மாற்றிக் கொடுத்தார். அன்றிரவே சரியாகிவிட்டது. அம்மாவின் சுவிட்சை நாங்கள் தொடவில்லை.

அதனால் என் பரிந்துரை: கருவிக்குப் பொதுப்பெயர் 'வலைமடை'. ரவுட்டரோடு இருப்பது தலைமடை, தொலைவில் இருப்பது கடைமடை. மூன்றில் ஒன்றுதான் புதிது. மேட்டூர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 வந்துவிட்டால், தண்ணீர் கடைமடைக்குப் போகுமா போகாதா என்பதுதானே இங்கே தேநீர்க்கடைப் பேச்சு? காவிரி வாய்க்கால்களின் கடைக்கோடியான வேதாரண்யம் பக்கத்தில் அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'மும்முனை' மட்டும் என்ன, பம்புசெட் வைத்திருக்கும் விவசாயி வாயில் புழங்கும் சொல்தானே. அகராதிக்காரர்கள் 'கட்டம்' என்று எழுதினால் எழுதட்டும்.

இந்தச் சொல்லை முன்கூட்டிக் காட்டியபோது, 'மடை என்றால் மடையன் நினைவுக்கு வரும்' என்று மன்னார்குடி நண்பர் எழுதியிருந்தார். மடைப்பள்ளியில் புளியோதரை வாங்கிச் சாப்பிடும்போது அவருக்கு அந்த நினைவு வருவதில்லை என்றே நம்புகிறேன். ஆனால் அவருடைய இரண்டாவது ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. தண்ணீர் ஒருவழியாகத்தான் பாயும்; தரவு இருவழியாகவும் போகிறது. மகள் பாடத்தைக் காணொளியில் கேட்பதோடு நிற்பதில்லை, வீட்டுப்பாடத்தை ஏற்றியும் அனுப்புகிறாள். இந்த இடத்தில் உவமை நொண்டுகிறது. இருவழிப் போக்கையும் உள்ளடக்கிய இன்னொரு சொல், எலக்ட்ரீஷியனுக்கும் ஒரே மூச்சில் புரிகிற சொல், யாரிடமாவது இருந்தால் என்னுடையதை உடனே விட்டுக்கொடுக்கிறேன்.

'தகவி'யைப் பொறுத்தவரை, லேப்டாப்பின் கறுப்புக் கட்டிக்கே அதை விட்டுவிடலாம். 'தகவு' இயற்பியல் நூல்களில் வேறு பொருளில் ஏற்கெனவே குடியிருக்கிறது. இன்னும் ஒரு குடித்தனக்காரரை அங்கே வைக்க வேண்டாம்.

இணை சேர்க்கும் பொத்தானுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. 'சேர்ப்புப் பொத்தான்' சரியாக இருக்குமா? அம்மாவின் சுழல் சுவிட்சுக்கு 'முனைமாற்றி' என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டுகிறது.

எலக்ட்ரீஷியன் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த கணக்கு என் மேசையில் இருக்கிறது. முதல் வரி: 'கடைமடை பாயிண்ட் மாற்றம் – 1'.