மேலத்தெரு சொந்தங்கள் குழு: கணேசன் அண்ணன் டைபாய்டு காய்ச்சல்

சுடலை சித்தப்பா: இசக்கி, நேற்று ராத்திரி காய்ச்சல் எவ்வளவு இருந்தது?

இசக்கி மதினி: 102.4 மாமா. காலையில் நூறுக்கு வந்தது. சாயங்காலம் ஆனால் ஏறிவிடுகிறது.

சுடலை சித்தப்பா: நாலு நாளாக ஊசி போட்டும் 102 என்றால் என்ன வைத்தியம் இது? நாளைக்கு விடியவே மதுரைக்குக் கொண்டு போயிருவோம். வண்டி சொல்லியாச்சு.

பிச்சம்மா அத்தை: நல்ல காரியம். இங்கே வைத்து என்னத்துக்கு.

பேச்சி அக்கா: சித்தப்பா, இப்பதான் டூட்டி முடிந்து பார்க்கிறேன். கொஞ்சம் பொறுங்க. டைபாய்டுக்கு சரியான ஊசியே போனாலும் நாலைந்து நாள், சில பேருக்கு ஒரு வாரம் கூட ஆகும் காய்ச்சல் விட. கிருமி கல்லீரல், மண்ணீரல், மஜ்ஜை என்று செல்லுக்குள்ளே போய் ஒளிந்திருக்கும். மதினி, நீங்க எழுதி வைத்த கணக்கைப் போட்டோ எடுத்துப் போடுங்க.

இசக்கி மதினி: [படம்: நாள்காட்டித் தாளின் பின்பக்கம்]

பேச்சி அக்கா: சாயங்காலக் கணக்கை மட்டும் பாருங்க. ஞாயிறு 104. திங்கள் 103.6. செவ்வாய் 103. நேற்று 102.4. இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது? அப்புறம் ஓரத்தில் மதினி நாடியும் எழுதியிருக்காங்க. 103 காய்ச்சலில் நிமிஷத்துக்கு 84. வேறு காய்ச்சல் என்றால் நூறைத் தாண்டி ஓடும். டைபாய்டில் சில பேருக்கு இப்படி மெதுவாக இருக்கும்.

சுடலை சித்தப்பா: அப்போ முதல்ல வைடால் டெஸ்டில் ஒன்றுமில்லை என்றானே?

பேச்சி அக்கா: அது 1896-இல் வந்த சோதனை சித்தப்பா. உடம்பு எதிர்ப்பொருள் தயாரித்த பிறகுதான் காட்டும். முதல் வாரத்தில் எடுத்தால் பல பேருக்கு ஒன்றுமில்லை என்றுதான் வரும். எப்பவோ வந்துபோன டைபாய்டுக்கு இப்ப பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. நான் அதை நம்புவதே இல்லை. ரத்தத்தை எடுத்துக் கிருமி வளருதா என்று பார்ப்பாங்களே, அந்த ரத்தக் கல்ச்சரில் வளர்ந்தால் அதுதான் உறுதி. அதுவும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பிடிபடும். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் இன்னும் குறையும். அண்ணனுக்கு வளர்ந்ததே நம்ம நல்ல நேரம்.

கண்ணன்: கல்ச்சர் ரிப்போர்ட் என்னிடம் இருக்கிறது. இந்தக் கிருமிக்கு சிப்ரோ மாத்திரை கேட்காது என்று போட்டிருக்கிறது. இப்போது போடுகிற செஃப்ட்ரையாக்சோன் ஊசி கேட்கும்.

பேச்சி அக்கா: மெடிக்கல் கடையில் வாங்கி முழுங்கினது சிப்ரோதானே மதினி?

இசக்கி மதினி: ஆமா. கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

மணி: [முன்னனுப்பிய செய்தி: நிலவேம்பு, பப்பாளி இலைச் சாறு, மூன்றே நாளில்...]

பேச்சி அக்கா: மணி, பேசாமல் இருல.

சுடலை சித்தப்பா: சரி தாயி, மதுரையில் காட்டினால் என்ன குறைந்துபோகும்?

பேச்சி அக்கா: காய்ச்சல் மூன்றாவது வாரத்தில் இருக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் ஆகி, ரத்தம் கசிவதோ ஓட்டை விழுவதோ பெரும்பாலும் இப்பதான் நடக்கும். நூத்தறுபது கிலோமீட்டர் வண்டியில் போகும்போது வயிறு இறுகினால் கயத்தாறு பக்கம் நின்றுகொண்டு என்ன செய்வீங்க? இங்கே என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி பக்கத்திலேயே. கண்ணா, ராத்திரி நீதானே இருக்க? வயிற்று வலி திடீரென்று கூடினாலோ, வயிறு பலகை மாதிரி ஆனாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, காய்ச்சல் சட்டென்று விழுந்து நாடி படபடத்தாலோ உடனே சிஸ்டரை எழுப்பு. விடியட்டும் என்று இருக்காதே.

கண்ணன்: சரிக்கா.

பிச்சம்மா அத்தை: வாய்க்கு ருசியாக எதுவும் இல்லை என்கிறான். சொதி வைத்துக் கொண்டு வரட்டா?

பேச்சி அக்கா: தேங்காய்ப்பால் பிறகு பார்க்கலாம் அத்தை. இட்லி, குழைந்த பருப்புச் சோறு, அவித்த முட்டை கொடுங்க. வெறும் கஞ்சியை ஊற்றி ஆளை மெலிய வைக்காதீங்க.

சுடலை சித்தப்பா: ஆவணியில் ரெண்டு கல்யாணத்துக்குச் சமையல் ஒத்துக்கொண்டிருக்கிறான். அதற்குள் எழுந்துவிடுவானா?

பேச்சி அக்கா: எழுந்துவிடுவார். ஆனால் கரண்டி பிடிக்க விடாதீங்க. காய்ச்சல் விட்ட பிறகும் கொஞ்ச நாள் மலத்தில் கிருமி போகும். நூற்றில் சில பேருக்குப் பித்தப்பையில் தங்கி வருஷக் கணக்கில் இருக்கும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. மருந்துக் கணக்கு முடிந்த பிறகு மலக் கல்ச்சர் எடுத்து, டாக்டர் சரி என்றால்தான் அடுப்படி. பந்தியில் ஐந்நூறு பேர் சாப்பிடுவாங்க.

இசக்கி மதினி: இதை நீங்களே அவரிடம் சொல்லுங்க. நான் சொன்னால் எடுபடாது.

பிச்சம்மா அத்தை: பொட்டல் கோயில் கொடையில் பானக்காரம் குடித்த வினைதான் இதெல்லாம்.

பேச்சி அக்கா: நாள் கணக்கு ஒத்துவருகிறது அத்தை, ஆனால் குழாய்த் தண்ணீரும் அப்போது கலங்கித்தானே வந்தது. தெருவில் வேறு யாருக்காவது காய்ச்சல் நிற்காமல் இருந்தால் மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிங்க.

சுடலை சித்தப்பா: வண்டிக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அட்வான்ஸ் ஐந்நூறு திரும்பத் தரமாட்டானாம். ஏலே கண்ணா, அத்தை வீட்டில் இட்லி வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குள் போய்ச் சேரு.