‘ஸ்க்ரீன் டம்ப்’ கேட்டால் எதை அனுப்புவது? ஸ்க்ரீன்ஷாட்டும் அதுவும் ஒன்றா?

வியாசை_பையன்:
பாரிமுனைப் பக்கம் சுங்க வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். என்ட்ரி போடும்போது சாப்ட்வேர் ஏதோ எர்ரர் காட்டியது. சீனியர், “ஸ்க்ரீன் டம்ப் எடுத்து சப்போர்ட்டுக்கு அனுப்பு தம்பி” என்றார். பக்கத்து சீட் அண்ணனோ, டம்ப் என்றால் டேட்டாபேஸை முழுசாக எடுத்துக் கொடுப்பது, நீ அதைத் தொடாதே என்கிறார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்க்ரீன்ஷாட்டுக்கு இது இன்னொரு பெயரா, இல்லை வேறு ஏதாவதா?

மண்ணடி_சுங்கம்:
உங்க சீனியர் சொன்னதுதான் சரி தம்பி. அந்த நிமிஷம் திரையில் என்ன இருக்கிறதோ அதை ஒன்று விடாமல் அப்படியே வெளியே எடுப்பதுதான் ஸ்க்ரீன் டம்ப். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் இது படமே கிடையாது. 1981ல் வந்த ஐபிஎம் பிசியில் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு பிரிண்ட் ஸ்க்ரீன் கீயை அழுத்தினால், கம்ப்யூட்டருக்குள்ளேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை புரோகிராமே திரையில் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து நேராகப் பிரிண்டருக்குத் தள்ளிவிடும். ஃபைலும் இல்லை, கிளிப்போர்டும் இல்லை, பேப்பர் மட்டும்தான். வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. கிராஃப் மாதிரி படம் ஏதாவது திரையில் இருந்தால், முன்கூட்டியே கிராபிக்ஸ் என்ற டாஸ் கமாண்டைப் போட்டு வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருப்படியாக எதுவும் வராது. தம்புச்செட்டித் தெருவில் நான் வேலை பார்த்த இடத்தில் என்ட்ரி முடிந்ததும் கீயை அழுத்தி, பேப்பரைக் கிழித்து, ஃபைலில் கோத்துவிடுவோம். ஷாட் என்றால் வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். டம்ப்பில் வெட்ட வழியே இல்லை. அதனால் இரண்டும் ஒன்று என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெரம்பூர்_சர்வர்:
அண்ணே, நீங்கள் சொல்கிற பழைய கதையில் தப்பில்லை, ஆனால் பையனுக்கு இன்றைக்கு வேலை ஆகணும். நான் சப்போர்ட்டில் இருப்பவன். டம்ப் என்றால் எங்களுக்கு மெமரி டம்ப், ஹீப் டம்ப் (அதுவும் புரோகிராமின் மெமரியில் ஒரு பகுதிதான்), டேட்டாபேஸ் டம்ப் இந்த மூன்றுதான் ஞாபகம் வரும். மெமரி டம்ப் எடுத்தால் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தபோது மெமரியில் கிடந்தது அந்த ஃபைலுக்குள் வந்துவிடும், அதில் பாஸ்வேர்டும் இருக்கலாம், வாடிக்கையாளரின் பேங்க் விவரமும் இருக்கலாம். ஒருத்தர் இந்த வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ஒரு எர்ரருக்காக டேட்டாபேஸையே மெயிலில் இணைத்து ஐந்தாறு பேருக்கு அனுப்பிவிட்டார். அத்தனை இன்பாக்ஸிலிருந்தும் அதை அழிக்கவைக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். சின்னப் பிள்ளைக்கும் ஸ்க்ரீன்ஷாட் தெரியும்போது எதற்கு இந்த ஆபத்து?

தண்டையார்பேட்டை_டிடிபி:
அண்ணன் சொன்ன அந்தப் பிரிண்ட் அவ்வளவு சுத்தமாக வராது, அதையும் சொல்லணும். எப்சன் மாதிரி, புள்ளி புள்ளியாக அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கேரக்டர் செட், அதாவது எழுத்துத் தொகுப்பு, இட்டாலிக்கில் இருந்துவிட்டால், திரையில் இருக்கும் கட்டத்தின் கோடுகள் எல்லாம் பேப்பரில் சாய்ந்த எழுத்துகளாக வரிசைகட்டி நிற்கும். பிரிண்டரில் உள்ள சின்ன சுவிட்சை மாற்றினால்தான் கோடு கோடாக வரும். அப்புறம் லேசர் வந்தபோது இன்னொரு தொல்லை: 25 வரி போனாலும் பக்கம் நிறையாததால் பேப்பர் வெளியே வராது, பிரிண்டரிலேயே பேப்பரை வெளியே தள்ளும் ஃபார்ம் ஃபீட் பட்டனை அழுத்தித் தள்ளணும்.

ஆனால் முழுசாக எடுப்பது என்ற விஷயத்தில் நான் அண்ணன் பக்கம். கடைக்கு வருகிறவர்கள் “பணம் போச்சு, அப்ளிகேஷன் போகலை” என்று போனைக் காட்டுவார்கள். பார்த்தால் சிவப்பு எழுத்தை மட்டும் வெட்டி வைத்திருப்பார்கள், மேலே எந்தத் தளம், எத்தனை மணி, ரெஃபரன்ஸ் நம்பர் என்ன, ஒன்றும் இருக்காது. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது?

மண்ணடி_சுங்கம்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். புது விண்டோஸ் 11ல் பிரிண்ட் ஸ்க்ரீனைத் தட்டினாலே ஸ்னிப்பிங் டூல் வந்து எந்த இடம் வேண்டும் என்று கேட்கிறது, ஆக கீயே வெட்டப் பழக்குகிறது. அப்புறம், இது செத்துப்போன வார்த்தையும் இல்லை. லினக்ஸில் திரையைக் காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தின் படத்தை எடுக்கும் எக்ஸ்.டபிள்யூ.டி கமாண்டில் கடைசி எழுத்து டம்ப்தான்.

பெரம்பூர்_சர்வர்:
கமாண்டுக்குள் இருந்துவிட்டுப் போகட்டும் அண்ணே, மனுஷனிடம் கேட்கும்போது அவனுக்குப் புரிகிற மாதிரி கேட்கணும். ஸ்க்ரீன்ஷாட்டும் முதலில் வேறு பொருளில்தான் இருந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பத்திரிகைகள் அறையை இருட்டாக்கி, ஸ்டாண்டில் கேமராவை வைத்து, மானிட்டரை நிஜமாகவே போட்டோ எடுத்துப் போட்டன. இன்று அந்த அர்த்தத்தில் யாரும் சொல்வதில்லை, அதற்காக யாரும் வருத்தப்படவும் இல்லை. முழுசாக வேண்டும் என்றால் “முழுத் திரையும் தெரியணும்” என்று இரண்டு வார்த்தை கூடச் சொல்லுங்கள்.

தம்பி, விண்டோஸ் கீயோடு பிரிண்ட் ஸ்க்ரீனை அழுத்து. 2012ல் வந்த விண்டோஸ் 8லிருந்து இந்த வழி இருக்கிறது, பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்க்ரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் தானாகச் சேமித்துவிடும். ஆல்ட்டோடு அழுத்தாதே, அது திறந்திருக்கும் விண்டோவை மட்டும் எடுக்கும், கீழே டாஸ்க்பாரில் இருக்கும் கடிகாரம் போய்விடும். வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாகப் போடு, போட்டோவாகப் போட்டால் சுருக்கி எழுத்தை மங்கலாக்கிவிடும்.

தண்டையார்பேட்டை_டிடிபி:
எர்ரர் நம்பரைத் தனியாக டைப் பண்ணியும் போடு தம்பி. படத்திலிருந்து காப்பி பண்ண முடியாமல் அவர்கள் கண்ணால் பார்த்து அடிக்கும்போது பூஜ்யத்தை ஓ என்று அடித்துவிடுவார்கள்.

வியாசை_பையன்:
நன்றி அண்ணா. முழுத் திரையும் எடுத்து, நம்பரை டைப் பண்ணி அனுப்பிவிட்டேன். சீனியரிடமும் காட்டினேன், இதைத்தான் கேட்டேன் என்றார். பக்கத்து சீட் அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மண்ணடி_சுங்கம்:
சீனியர் கேட்டது கிடைத்துவிட்டது அல்லவா, அது போதும். நான் நாளைக்கும் ஸ்க்ரீன் டம்ப் என்றுதான் கேட்பேன், எங்கள் ஆபீசில் அப்படிக் கேட்டால் யாரும் வெட்டி அனுப்புவதில்லை.

பெரம்பூர்_சர்வர்:
உங்கள் ஆபீசுக்குள் கேளுங்கள் அண்ணே, நான் குறுக்கே வரவில்லை. ஆனால் எங்களுக்கு வரும் டிக்கெட்டில், அதாவது புகாரில், வெறும் ‘டம்ப் இணைத்திருக்கிறேன்’ என்று இருந்தால், அந்த ஃபைலைத் திறக்காமலே என்ன அனுப்பினீர்கள் என்று கேட்டுத் திருப்பித்தான் அனுப்புவேன்.