உதயதேவியில் கேட்க என்ன அல்பம்?

குழு: கல்லடி வீட்டார்

தங்கச்சி: நாளைக்கு விடிய மட்டக்களப்பிலிருந்து உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போகிறேன். வெலிக்கந்தை தாண்டினால் எனக்கு சிக்னல் வராது, இப்பவே டவுன்லோட் பண்ண வேண்டும். புதுசாக வந்த அல்பம் ஏதாவது சொல்லுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம், அது நிறையக் கிடக்கிறது.

அக்கா: தம்பி இருக்கிற குழுவில் இதைக் கேட்டாயா? சரி, இன்றைக்கு வேறு கதை இல்லை 😂

நான்: பொருத்தமான நாளில்தான் கேட்டிருக்கிறாள். 2015 ஜூலை 10இல் இருந்து உலகம் முழுக்க அல்பம் வருகிற நாள் வெள்ளிதான். அதற்கு முதல் அமெரிக்காவில் செவ்வாய், இங்கிலாந்தில் திங்கள் என்று ஆளுக்கொரு கிழமை. ஒரு இடத்தில் வந்ததும் மற்ற இடத்தில் களவாக இறக்கிவிடுவார்கள்.

ரொறன்ரோ அண்ணா: இங்கே இன்னும் வியாழன் இரவு.

நான்: அதுதான் அண்ணா, அந்தந்த ஊர் நடுச்சாமத்துக்கு விடுகிற அல்பம் என்றால் உங்களுக்கு முதல் கல்லடிக்கு வந்துவிடும். பெரிய ஆட்கள் சிலபேர்தான் நியூயோர்க் நேரம் பார்ப்பது. டெய்லர் ஸ்விஃப்ட் 2024 ஏப்ரலில் அப்படித்தான், நமக்குக் காலை ஒன்பதரைக்கு 16 பாட்டு, அதைக் கேட்டு முடிந்த கையோடு பதினொன்றரைக்கு இன்னும் 15.

தங்கச்சி: டெய்லர் எல்லாம் கேட்டாச்சு. மறுகா?

நான்: முதலாவது பாட் பனி, போர்ட்டோ றிக்கோக்காரர். 2025 ஜனவரியில் வந்த ‘டெபி டிரார் மாஸ் ஃபோட்டோஸ்’. வெள்ளிக்குக் காத்திராமல் ஞாயிற்றுக்கிழமை விட்டார், அடுத்த நாள் அவர்களுக்கு மூவிராசாக்கள் திருநாள். ஆள் றெகெட்டோன் என்கிற லத்தீன் ஆட்டப் பாட்டுப் பாடுகிறவர், ஆனால் இதில் சல்சா, பிளேனா என்று தன் தீவின் பழைய இசையை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். சல்சாப் பாட்டில் வாசித்தவர்கள் அங்குள்ள இசைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அட்டைப் படம் அனுப்புகிறேன், பாருங்கள்.

சின்னம்மா: இதில் ஒருவரும் இல்லையே மகன். வாழைக்கு முன்னால் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைதான் கிடக்கிறது. நம் பின்வளவை யார் போய் எடுத்தது?

தங்கச்சி: 😂😂 இது டவுன்லோட்

பெரியப்பா: பிளேனாப் பாட்டு ஒன்றை யூடியூபில் கேட்டேன். கையால் அடிக்கிற அந்த மேளம் நல்லாயிருக்கிறது. இளம் வயதில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுக் கலியாணங்களுக்குப் போயிருக்கிறேன், வயலின் வைத்துக் கஃப்றிஞ்சா வாசிக்கத் தொடங்கினால் கிழவிகளும் எழும்பி ஆடுவார்கள். பைலா என்று நாடு முழுக்க ஆடுகிறார்களே, அதன் வேர் அந்தப் பக்கத்தில்தான்.

நான்: இதைத்தான் பெரியப்பா நானும் சொல்ல வந்தேன். அவர் தன் தீவுக்குச் செய்ததை நமக்கு யார் செய்வது? வசந்தன் கூத்துப் பாட்டு, பொல்லடி ஆட்டம், அம்பாறைப் பக்கத்து முஸ்லிம் பெண்களின் கவி, நான் தேடிப் பார்த்தால் எல்லாம் மேடைக்குப் பின்னால் நின்று போனில் எடுத்த வீடியோதான். பாதியில் ஒரு பிள்ளை அழும், அதோடு முடிந்துவிடும். பழந்தமிழ் இசையை ஆராய்ந்து யாழ் நூல் எழுதிய விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு இங்கே பக்கத்தில் இருந்தும் இந்த நிலை.

அக்கா: சரி சரி, பிரசங்கம் வேண்டாம். அடுத்த அல்பம்.

நான்: இந்திய இசையும் ஜாஸும் கலந்து வாசிக்கிற சக்தி குழுவின் ‘திஸ் மொமென்ற்’, 2023. கிற்றாருக்கு ஜோன் மக்லொக்லின், தபேலாவுக்கு சாகிர் உசேன், பாட்டுக்கு சங்கர் மகாதேவன், வயலினுக்கு கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிராவுக்கு செல்வகணேஷ். 1977க்குப் பிறகு அவர்கள் ஸ்டூடியோவில் செய்த முதல் அல்பம், 2024இல் கிராமியும் கிடைத்தது. அந்த வருசம் டிசம்பரில் சாகிர் உசேன் போய்விட்டார். தங்கச்சி, ஹெட்போன் போட்டுக் கேள், போன் ஸ்பீக்கரில் தபேலாவின் இடது கை கேட்கவே கேட்காது.

ரொறன்ரோ அண்ணா: செல்வகணேஷ் விக்கு விநாயக்ராமின் மகன்தானே? பழைய சக்தியில் அப்பா கடம்.

நான்: அவரேதான்.
அப்புறம் ஆண்ட்ரே 3000. அவுட்காஸ்ட் என்கிற அமெரிக்கக் குழுவில் றாப் பாடிய ஆள், அத்தனை வருசம் ஆட்களைக் காக்க வைத்துவிட்டு 2023 நவம்பரில் ஒரு சொல்கூடப் பாடாமல் புல்லாங்குழல் அல்பம் போட்டார். 8 உருப்படி, 87 நிமிடம்.

அக்கா: 87 நிமிடம் குழலா? கல்லோயாச் சந்தி வருவதற்குள் இவள் நித்திரையாகிவிடுவாள். யாருக்கடா இப்ப முழு அல்பம் கேட்க நேரம் இருக்கிறது, நான் ஷஃபிளில் போட்டுவிட்டுச் சமைக்கிறேன்.

நான்: ஷஃபிள் கொலை அக்கா. பியோன்ஸே 2024இல் செய்த ‘கவ்போய் கார்ட்டர்’ என்கிற அமெரிக்கக் கன்றி (country) இசை அல்பத்தில் பழைய கன்றிப் பாடகர் வில்லி நெல்சன் றேடியோ அறிவிப்பாளராக இடையில் வந்து பேசுவார். முழு அல்பமும் ஒரு வானொலியைத் திருப்பித் திருப்பிக் கேட்பதுபோல அடுக்கியிருக்கிறது. அதைக் கலைத்துப் போட்டால் கிழவன் சம்பந்தமில்லாத இடத்தில் வந்து கதைத்துவிட்டுப் போவார், உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

பெரியப்பா: அக்காவைப் பேசாதே. எங்கள் காலத்தில் ரெக்கோடிங் பாருக்குப் போய், 90 நிமிட வெறும் கசெற்றும் துண்டில் எழுதிய பாட்டு வரிசையும் கொடுத்துவிட்டு வருவோம். எந்தப் படத்துப் பாட்டுக்குப் பக்கத்தில் எது என்று நாங்களே முடிவு செய்தோம். கடைசிப் பாட்டு பாதியில் வெட்டுப்படும், அதற்கும் காசு.

அக்கா: 👏👏 பெரியப்பாதான் ஆள்

பெரியப்பா: ஆனால் 1986இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ மட்டும் ஒரு நாளும் துண்டில் எழுதவில்லை. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் காணிக்கை வைத்த வேலை அது, பாடல் வரி கிடையாது, எதை எடுத்து எதோடு ஒட்டுவது? முழுதாக வாங்கினேன். நாடா சுற்றிக்கொண்டால் பென்சில் போட்டுத் திருப்பித் திருப்பி, கடைசியில் அறுந்தே போனது.

நான்: அதையும் போட்டுக்கொள் தங்கச்சி. பழசுதான், பரவாயில்லை.

தங்கச்சி: பாட் பனி, சக்தி, இளையராஜா மூன்றும் இறங்கிவிட்டது. பியோன்ஸே பாதியில் நிற்கிறது, போனில் இடம் இல்லையாம். குழல்காரர் அடுத்த முறை.

சின்னம்மா: இடம் இல்லையென்று நான் அனுப்புகிற காலை வணக்கத்தை அழித்துவிடாதே பிள்ளை. புட்டு கட்டித் தருகிறேன், கட்டச்சம்பலா, மீன் பொரியலா?

தங்கச்சி: இரண்டும் 🙏