பலெர்மோவில் தற்செயலாக அகப்பட்ட சாப்பாட்டுக்கடை: றோமிலும் இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

கொக்குவில் வாசகி:
சித்திரை மாதம் இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவில் இருக்கும் தங்கையிடம் போயிருந்தேன். பெல்லெக்ரினோ மலையில் உள்ள, கத்தோலிக்கப் புனிதர் சாந்தா றொசாலியாவின் குகைக் கோவிலைக் கும்பிட்டுவிட்டு (அங்குள்ள நம்மவர்கள், சைவர்களும்கூட, அவரிடம் நேர்த்தி வைக்கிறார்கள்) ஊருக்குள் திரும்பியபோது, பல்லாறோ சந்தைக்குப் பின்னால் வழி தவறி, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சிறிய கடைக்குள் பசியோடு நுழைந்தோம். கையால் எழுதிய ஒற்றைத் தாளில் ஐந்து உணவுகள் மட்டுமே இருந்தன. எங்களுக்கு வந்தது, நம்மூர்ச் சூடையைப் போன்ற சார்டீன் மீனோடு காட்டுப் பெருஞ்சீரகத் தழையும் முந்திரிகை வற்றலும் பைன் கொட்டையும் சேர்த்த பாஸ்தா. மேலே சீஸுக்குப் பதிலாக வறுத்த பாண் தூளைத் தூவியிருந்தார்கள். முதல் வாயிலேயே, அம்மா கறித்தூளுக்குப் பெருஞ்சீரகம் வறுக்கும்போது எழும் வாசம் நினைவுக்கு வந்து, சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். முதல் நாள்தான், படம் போட்ட விலைப்பட்டியலை வாசலில் வைத்திருந்த ஒரு கடையில், இதைவிட இரண்டு மடங்கு பணம் கொடுத்து ஆறிப்போன பாஸ்தா சாப்பிட்டிருந்தோம். ஐப்பசியில் றோமுக்கும் வட இத்தாலியில் உள்ள பொலோனியாவுக்கும் போகிறேன். அங்கும் அதிர்ஷ்டத்தைத்தான் நம்ப வேண்டுமா?

பலெர்மோ அண்ணா:
தங்கச்சி, வழி தவறியது அதிர்ஷ்டம். கடை நன்றாக இருந்தது அதிர்ஷ்டம் அல்ல. சந்தையில் அன்று என்ன வந்ததோ அதைச் சமைக்கிற கடையில் பட்டியல் குறுகியதாகத்தான் இருக்கும். மத்தியானம் ஒரு மணியளவில் வேலை உடுப்போடு ஆட்கள் இருந்து சாப்பிடுகிற இடத்தைத் தேடுங்கள். இத்தகைய கடைகள் இரண்டரை, மூன்று மணிக்கு மூடி, இரவு ஏழரைக்குப் பிறகே திறக்கும். மாலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று கூப்பிடுகிற கடைக்குப் போகாதீர்கள். பொலோனியாவில் 'ஸ்பகெட்டி பொலோனேஸ்' என்று பெரிதாக எழுதியிருந்தால் அது வெளியூராருக்கான கடை. அவ்வூரார் இறைச்சிக் குழம்பைத் தட்டையான நாடா போன்ற தல்யத்தெல்லே பாஸ்தாவோடுதான் சாப்பிடுகிறார்கள். றோமில் கார்போனாறா என்கிற பாஸ்தாவுக்கு முட்டை, பெகொறீனோ சீஸ், பன்றிக் கன்ன இறைச்சி, மிளகு போதும். கிறீம் ஊற்றுகிற கடையை விட்டுவிடலாம்.

கோண்டாவில் ஐயா:
நான் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவன் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன், பிள்ளை. பெயரில் இறைச்சி இல்லாத உணவிலும் நெத்தலி கரைந்திருக்கலாம். ஆகவே 'சென்சா கார்னே, சென்சா பெஷே' (இறைச்சியும் மீனும் வேண்டாம்) என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலெர்மோவில் எனக்குக் கைகொடுத்தது பனெல்லே. கடலைமாவைக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருவார்கள். தெருவோரத்திலேயே கிடைக்கும். பற்றுச்சீட்டில் ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ 'கோப்பெர்த்தோ' என்று சேர்ந்திருந்தால், ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அது இத்தாலியின் பல ஊர்களில் மேசைக்கும் பாணுக்குமான வழக்கமான கட்டணம், பட்டியலிலேயே எழுதியிருப்பார்கள்.

கொக்குவில் வாசகி:
அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. அண்ணா சொன்ன பிறகுதான் நினைவுக்கு வருகிறது: பக்கத்து மேசையில் இருந்த இருவருடைய சப்பாத்துகளில் சீமெந்துத் தூசி இருந்தது. கடையின் பெயர் தெரியாததால், தங்கை வரும் சனிக்கிழமை அதே சந்தில் போய்த் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அகப்பட்டால் வழியை இங்கே எழுதுகிறேன்.