ஏர் இன்டேக் மாற்றினால் ஸ்போர்ட்ஸ் காரின் சக்தி உண்மையிலேயே கூடுமா?

வளைவுப்பாதை:

வணக்கம். என்னிடம் இருப்பது டர்போ இல்லாத, 2 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின் கொண்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினில் இதுவரை எந்த மாற்றமும் செய்யவில்லை. கையேட்டின்படி 7000 ஆர்பிஎம்மில் 180 குதிரைத்திறன் தர வேண்டும். எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் (ஏர் இன்டேக்) கம்பெனி பொருத்திய ஏர்பாக்ஸை, அதாவது ஃபில்டர் இருக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு, திறந்த கூம்பு ஃபில்டரும் அலுமினியக் குழாயும் கொண்ட இன்டேக் கிட் ஒன்றைப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். 10 முதல் 15 குதிரைத்திறன் வரை கூடும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இதே கிட்டைப் போட்டிருக்கும் நண்பர், வண்டி இப்போது வேறு மாதிரி இழுக்கிறது என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது ஒலி மாறியிருப்பது நன்றாகவே தெரிந்தது. இழுவை மாறியதா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

சக்தி கூடுவது உண்மையென்றால் அது எங்கிருந்து வருகிறது? ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப் செய்யாமல், அதாவது அதன் அமைப்புகளை மாற்றி எழுதாமல், பலன் கிடைக்குமா? எஞ்சினுக்கு ஏதேனும் கெடுதல் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

---

உந்துதண்டு:

விளம்பரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவு காற்றை இழுக்கும் என்பதால், 2 லிட்டர் எஞ்சின் 7000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7000 லிட்டர், அதாவது விநாடிக்கு 117 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. ஃபில்டர், பெட்டி, வளைவுகள் எல்லாம் சேர்ந்து இந்த ஓட்டத்தைத் தடுப்பதால், த்ராட்டிலை (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) அடையும்போது காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்திருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், வழியில் இழக்கும் ஒவ்வொரு கிலோபாஸ்கலும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஏறக்குறைய 1 சதவீதச் சக்தி இழப்பு. இன்றைய கார்களின் இன்டேக்குகளில் இந்த இழப்பு பெரும்பாலும் 1 முதல் 3 கிலோபாஸ்கல்தான். கிட் வந்து அதில் பாதியை மிச்சப்படுத்தினாலும் உங்களுக்குக் கிடைப்பது 1 முதல் 3 குதிரைத்திறன். 15 குதிரைத்திறன் கிடைக்க வேண்டுமானால், உங்கள் பழைய இன்டேக் 8 கிலோபாஸ்கலுக்கு மேல் விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்படியொரு ஏர்பாக்ஸை ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தப் பொறியாளரும் வரைந்து கொடுக்க மாட்டார்.

இதெல்லாம் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்திருக்கும்போது மட்டுமே பொருந்தும். பாதி மிதித்து ஓட்டும்போது காற்றைத் தடுப்பது த்ராட்டில் தகடுதான்; அதற்கு முன்னால் உள்ள வழியை எவ்வளவு அகலமாக்கினாலும் ஒன்றும் மாறாது. மைலேஜ் கூடும் என்ற விளம்பரமும் இதனால்தான் நிற்பதில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஃபில்டரை வேண்டுமென்றே அடைக்கவைத்துப் பார்த்தபோதுகூட, கணினிக் கட்டுப்பாடு கொண்ட பெட்ரோல் எஞ்சின்களின் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. முழு முடுக்கத்தில் மட்டுமே வேகமெடுப்பு பாதிக்கப்பட்டது.

அடுத்தது வெப்பம். என் கருத்தில் அழுத்தத்தைவிட இதுதான் பெரிய விஷயம். திறந்த கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள் உட்கார்ந்திருந்தால், அது மூச்சிழுப்பது ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட்டும் சூடாக்கிய காற்றை. 27 டிகிரி காற்றுக்குப் பதில் 57 டிகிரி காற்று உள்ளே போனால், அடர்த்தி 9 சதவீதம் குறைந்துவிடும். சக்தி முழுக்க அந்த அளவுக்கு விழாது என்றாலும், அழுத்தத்தில் மிச்சப்படுத்திய ஓரிரு சதவீதம் அடித்துச் செல்லப்பட அதுவே போதும். தவிர, சூடான காற்றில் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வருமோ என்று ஈசியூ தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளினால் இழப்பு இன்னும் கூடும். கம்பெனி ஏர்பாக்ஸ் அழகில்லாத கறுப்புப் பிளாஸ்டிக்தான். ஆனால் அதன் வாய் கிரில்லுக்குப் பின்னால் குளிர்ந்த காற்றைப் பார்த்து வைக்கப்பட்டிருக்கும்.

அலுமினியக் குழாய் சூடாகிக் காற்றையும் சூடாக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். 75 மில்லிமீட்டர் குழாயில் 117 லிட்டர் காற்று விநாடிக்கு 26 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஒரு மீட்டர் நீளத்தைக் கடக்க அதற்கு 0.04 விநாடி கூட ஆவதில்லை. அதற்குள் குழாயிலிருந்து பெரிதாகச் சூடேற நேரமில்லை. குழாய் எதனால் செய்தது என்பதைவிட, காற்று எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று பாருங்கள்.

---

மூன்றாம்கியர்:

உந்துதண்டு சொன்னதோடு டைனோ (காரின் சக்தியை அளக்கும் கருவி) பற்றியும் ஒரு வார்த்தை. கிட் விற்பவர்கள் காட்டும் வரைபடங்களில் பெரும்பாலும் பானெட் திறந்திருக்கும், எதிரே பெரிய மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் திறந்த ஃபில்டருக்கு அறையின் குளிர்ந்த காற்று நேரடியாகக் கிடைக்கிறது. சாலையில் பானெட்டை மூடிக்கொண்டுதானே ஓட்டுகிறோம்? அதோடு, எதுவும் மாற்றாத ஒரே காரை அடுத்தடுத்து ஓட்டினாலே 1, 2 சதவீத வித்தியாசம் சாதாரணமாக வரும். அளக்க நினைக்கும் ஆதாயமே அந்த அளவுதான் என்னும்போது, முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை ஓட்டி எடுத்த இரண்டு கோடுகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பழைய பெட்டி, புதிய கிட், மறுபடி பழைய பெட்டி என்று மாற்றி மாற்றி, பானெட்டை மூடி, எஞ்சின் வெப்பநிலையைச் சமமாக வைத்து எடுத்த வரைபடம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

நண்பர் சொல்லும் "வேறு மாதிரி இழுக்கிறது" என்பது ஒலியின் வேலை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதில் பாதி காரணம் ஒலிதான்.

---

அழுத்தமானி:

டர்போ கார் வைத்திருப்பவன் என்ற முறையில் இங்கே சற்று மாறுபடுகிறேன். மேலே சொன்ன கணக்கு டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சரி. அதையே எல்லாக் காருக்கும் விதியாக்கிவிடக் கூடாது. டர்போவில் இன்டேக் இழப்பு கம்ப்ரஸருக்கு (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பகுதி) முன்னால் நிகழ்கிறது. மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) 200 கிலோபாஸ்கல் வேண்டும், கம்ப்ரஸர் வாயில் 96தான் இருக்கிறது என்றால், அது காற்றை 2.08 மடங்கு அழுத்த வேண்டும். வாயில் 99 இருந்தால் 2.02 மடங்கு போதும். மடங்கு குறைந்தால் கம்ப்ரஸருக்கு வேலை குறைகிறது, வெளிவரும் காற்றின் சூடு குறைகிறது, பூஸ்ட் (டர்போ கூட்டித்தரும் அழுத்தம்) சற்று முன்னதாக ஏறுகிறது. டர்போ தன் எல்லையில் ஓடும் ரீமேப் செய்த கார்களில் இது கண்கூடான ஆதாயம் தரும். ஆனால் ஈசியூவைத் தொடாத காரில், ஈசியூ தனக்கு விதித்த பூஸ்ட் இலக்கையும் டார்க் வரம்பையும் தாண்டாது என்பதால், நல்ல இன்டேக்கும் பெரும்பாலும் அதே எண்ணைத்தான் கொஞ்சம் சிரமமில்லாமல் எட்டும்.

கேட்டவரின் காரில் டர்போ இல்லை என்பதால் முடிவில் எனக்கும் உந்துதண்டுக்கும் வேறுபாடில்லை. ஆயினும், கம்பெனி எப்போதும் சக்தியை மட்டுமே நினைத்து ஏர்பாக்ஸ் செய்கிறது என்றும் எண்ண வேண்டாம். ஒலி விதிகளுக்காகவும், குறைந்த சக்தி கொண்ட மாடலோடு உதிரிபாகத்தைப் பொதுவாக்கவும் வாயை ஒடுக்கிய கார்கள் உண்டு.

---

சென்சார்:

கெடுதல் உண்டா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. உங்கள் காரில் ஹாட் வயர் வகை (சூடாக்கிய மெல்லிய கம்பியால் அளக்கும்) காற்றளவு சென்சார் இருந்தால், அது குழாயின் குறிப்பிட்ட விட்டத்துக்கு ஏற்ப அளவு திருத்தப்பட்டது. கிட்டின் குழாய் அதைவிட அகலமாக இருந்தால் அதே அளவு காற்று சென்சாரின் மேல் மெதுவாகப் பாயும். உள்ளே வருவதைக் குறைவாகக் கணக்கிட்டு ஈசியூ பெட்ரோலையும் குறைத்துவிடும். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் இதைத் திருத்திக்கொள்ளும். முழு முடுக்கத்தில் அந்தத் திருத்தம் பல கார்களில் முழுமையாக வேலை செய்வதில்லை. அங்கேதான் பெட்ரோல் குறைந்த கலவை எஞ்சினைச் சுடும். ரீமேப் வேண்டுமா என்று கேட்டீர்கள். சென்சார் இருக்கும் குழாயின் விட்டம் மாறினால் கட்டாயம் வேண்டும். கிட்டைப் போட்ட பிறகு ஓபிடி ஸ்கேனரில் (ஈசியூவின் தகவல்களைப் படிக்கும் கருவி) ஃப்யூயல் ட்ரிம் எண்கள், அதாவது ஈசியூ பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தங்கள், முன்பிருந்ததைவிட எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரைக் கழுவி மறுபடி எண்ணெய் தடவும்போது அளவு மீறினால், அது காற்றோடு போய் அந்த மெல்லிய கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். நுண்ணிய தூசியைத் தடுப்பதில் நல்ல காகித ஃபில்டருக்கு இவை பொதுவாக இணையில்லை. ஃபில்டரைச் சக்கரத்துக்கு அருகே பம்பருக்குள் தாழ்வாகக் கொண்டுபோய் வைக்கும் கிட்டுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு: தேங்கிய தண்ணீரில் ஃபில்டர் மூழ்கினால் எஞ்சின் தண்ணீரை இழுத்துவிடும், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

---

வளைவுப்பாதை:

அனைவருக்கும் நன்றி. என் காரில் காற்றளவு சென்சார் ஏர்பாக்ஸிலிருந்து காற்று வெளியேறும் இடத்திலேயே இருக்கிறது. ஒரே ஒரு துணைக் கேள்வி: என் இன்டேக் எவ்வளவு அழுத்தத்தை இழக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே நானே அளந்து பார்க்க வழியுண்டா?

---

உந்துதண்டு:

உண்டு. தெளிவான பிளாஸ்டிக் குழாயை "ப" எழுத்தைப் போல் வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதி வரை நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். மறுமுனையை, த்ராட்டிலுக்கு முன்னால் இன்டேக் குழாயில் சேரும் பிரீதர் ஹோஸில் (எஞ்சின் உட்புறத்தின் காற்றோட்டக் குழாய்) ஒரு டி இணைப்புப் போட்டு இணையுங்கள். இரு பக்க நீர்மட்டங்களின் வேறுபாடு 10 சென்டிமீட்டர் என்றால் அது ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல். பலகையைக் காரின் குறுக்குவாட்டில் வையுங்கள். நீளவாட்டில் வைத்தால் கார் பாயும்போது தண்ணீர் பின்பக்கம் ஒதுங்கிப் பொய் அளவு காட்டும். எஞ்சினின் துடிப்பில் மட்டம் குதிக்கும் என்பதால் குழாயின் ஓரிடத்தில் ஊசித்துளை அளவுக்கு ஒடுக்கம் வைக்க வேண்டும். தண்ணீர் எஞ்சினுக்குள் போகாதிருக்க நடுவில் ஒரு காலிக் குப்பியையும் இணைத்துவிடுங்கள். பொதுச் சாலையில் வேண்டாம். மூடிய பாதையில், நேர்க்கோட்டில், உடன் வருபவர் அளவைப் பார்க்கட்டும்.

---

வளைவுப்பாதை:

அளந்துவிட்டேன். 7000 ஆர்பிஎம்மில், முழு முடுக்கத்தில், வேறுபாடு சுமார் 15 சென்டிமீட்டர். அப்படியானால் 1.5 கிலோபாஸ்கல் இழப்பு என்று கொள்ளலாமா?

---

உந்துதண்டு:

முழுவதும் இழப்பு இல்லை. வேகமாக ஓடும் காற்றின் பக்கவாட்டு அழுத்தம் அந்த வேகத்தினாலேயே குறைந்து தெரியும். விநாடிக்கு 26 மீட்டர் வேகத்துக்கு அது மட்டும் 4 சென்டிமீட்டர் தண்ணீர் வரும். ஆக, உங்கள் ஏர்பாக்ஸும் ஃபில்டரும் வளைவுகளும் சேர்ந்து விழுங்குவது 11 சென்டிமீட்டர், 1.1 கிலோபாஸ்கல். தடையே இல்லாத இன்டேக் ஒன்றைக் கற்பனை செய்து பொருத்தினாலும் 2 குதிரைத்திறன்தான் கூடும். குழாயின் நீளத்தால் வரும் அதிர்வு அலைகள் இதில் சேரவில்லை. 1991இல் லீ மான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரில் இன்டேக் குழாய்களின் நீளமே சுழற்சி வேகத்துக்கேற்ப மாறும்படி செய்திருந்தார்கள். ஆனால் அது எஞ்சினை ஒட்டிய குழாய்களின் வேலை, ஃபில்டர் பக்கத்துக் கிட்டால் அதை எட்ட முடியாது.

டி இணைப்பைக் கழற்றிப் பழைய ஹோஸையே போட்டுக் கிளாம்பை இறுக்கிவிடுங்கள். அந்த இடம் சென்சாருக்குப் பின்னால் இருப்பதால், சிறு கசிவு இருந்தாலும் அளக்கப்படாத, வடிகட்டப்படாத காற்று உள்ளே போகும், ஐட்லிங் தடுமாறும்.